வீட்டு விலையில் நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு?

வணக்கம் மேடம். 2020 மே மாதம் டெக்ஸஸ் ஃப்ரிஸ்கோவில் பில்டரிடம் புது வீடு வாங்கினோம். விலை 4,20,000 டாலர். க்ளோசிங்கில் இன்னும் கொஞ்சம் செலவானது. 2022இல் பின்பக்கம் கூரை போட்ட பேஷியோ கட்ட 16,000 டாலர் ஆனது. 2024 ஜூலையில் என் கணவருக்கு நியூ ஜெர்ஸியில் வேலை மாறியதால் இங்கே வந்துவிட்டோம். அந்த வீட்டை ஆகஸ்ட் 1 முதல் வாடகைக்கு விட்டிருக்கிறோம். வரி சாஃப்ட்வேர் 'நிலத்தின் விலை என்ன' என்று கேட்கிறது. ஒரு நண்பர் 80–20 என்கிறார், இன்னொருவர் 90–10 போடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். கவுண்டியின் 2020 பதிவைப் பார்த்தால் நிலம் 84,000, கட்டடம் 61,000 என்று இருக்கிறது. அப்படியானால் நிலமே பாதிக்கு மேலா? குழப்பத்தில் 2024 ரிட்டர்னில் தேய்மானமே எடுக்காமல் விட்டுவிட்டோம். சென்னை பள்ளிக்கரணையில் 2018இல் பதிவு செய்த ஒரு ஃபிளாட்டும் இருக்கிறது; 2020லிருந்து வாடகைக்குப் போகிறது. அந்த வாடகையை இங்கே காட்டுகிறோம், தேய்மானம் எடுத்ததில்லை. இந்தியாவில் 30% கழிப்பதுபோல இங்கேயும் கழிக்கலாமா? பத்திரம் எல்லாம் சென்னையில் அம்மாவிடம் இருக்கிறது.
— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்ஸி

அன்புள்ள வாசகிக்கு,

நண்பர்கள் சொன்ன இரண்டு கணக்கையும் முதலில் தள்ளி வையுங்கள். 80–20 என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, 90–10 என்றும் இல்லை. அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கேட்பது ஒன்றுதான். நீங்கள் வாங்கிய அன்றைக்கு நிலத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு, கட்டடத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு? அந்த விகிதத்தில் உங்கள் விலையைப் பிரிக்க வேண்டும். இரண்டும் உறுதியாகத் தெரியாவிட்டால், சொத்து வரிக்காக உள்ளூர் அரசு போட்டிருக்கும் மதிப்பில் உள்ள விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வாடகை வீடுகளுக்கான அவர்களுடைய வெளியீடு 527 சொல்கிறது. அதிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: 2,00,000 டாலருக்கு வாங்கிய வீடு, சொத்து வரி மதிப்பு 1,60,000 மட்டும், அதில் வீடு 1,36,000, நிலம் 24,000. அதாவது 85%, 15%. ஆக, வீட்டுக்கு 1,70,000, நிலத்துக்கு 30,000.

இந்த உதாரணத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கவுண்டி மதிப்பு விலையைவிடக் குறைவாக இருக்கிறது, ஆனாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது விகிதம் மட்டுமே. 'கவுண்டி என் வீட்டுக்குக் குறைவாகப் போட்டிருக்கிறது, அதை எப்படி நம்புவது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நிலத்துக்கு ஏன் தேய்மானம் கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும். கூரை ஓடு போகும், குழாய் துருப்பிடிக்கும், ஏசி மாற்ற வேண்டிவரும். மண் அப்படியே இருக்கும். அதனால் வாடகைக் குடியிருப்பின் கட்டடப் பகுதியின் விலையை மட்டும் 27.5 வருடத்தில் சமமாகப் பிரித்து வாடகை வருமானத்திலிருந்து கழிக்க விடுகிறார்கள்; அதுதான் தேய்மானம். நிலத்துக்குள் போகும் ஒவ்வொரு டாலரும் நீங்கள் விற்கும் நாள் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இனி உங்கள் ஃப்ரிஸ்கோ வீட்டுக்கு வருவோம். 2020 பதிவில் நிலம் 84,000, கட்டடம் 61,000 என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்தது நியாயம். அதன்படி போனால் நிலம் 58% ஆகிவிடும். ஆனால் அது உங்கள் வீட்டின் மதிப்பே இல்லை. டெக்ஸஸில் சொத்து வரிக்கு மதிப்பு போடும் உள்ளூர் அமைப்பான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதற்கு மதிப்பு போடும். 2020 ஜனவரி 1 அன்று உங்கள் வீடு பாதி கட்டிய நிலையில் இருந்திருக்கிறது. அஸ்திவாரமும் மரச்சட்டமும் நின்றிருக்கலாம், அதற்குத்தான் 61,000. மே மாதம் நீங்கள் வாங்கியது முடிந்த வீடு. ஆகவே 2021 ஜனவரி 1 மதிப்பைப் பாருங்கள். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் வருடவாரியாக நிலம், கட்டடம் என்று தனித்தனியாக வரும்.

புது வீடு வாங்கியவர்களிடம் இந்தத் தவறை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் பில்டரிடம் வாங்கும் நம்மவர்கள் அதிகம். அவர்களில் ஒரு தம்பதி, வாங்கிய வருடப் பதிவில் வெறும் மனையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, நிலத்துக்கு முக்கால் பங்கு போட்டு ஆறு வருடம் ரிட்டர்ன் கொடுத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது அவர்கள் எடுத்திருக்க வேண்டிய தேய்மானத்தில் பாதிகூட எடுத்திருக்கவில்லை. இன்னொருவர் அதற்கு நேர்மாறு. சாஃப்ட்வேரில் நிலத்தின் கட்டத்தைக் காலியாக விட்டதால் மொத்த விலையும் கட்டடமாகிவிட்டது. இரண்டு வீட்டிலும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சரியான தாளைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

பதிவைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் குடியிருந்த வருடங்களில் ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது சொந்தக்காரர் தானே குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரிச் சலுகை, இருந்திருக்கும். அதனால் வரிக்கான மொத்த மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாதபடி உச்சவரம்பு வேலை செய்திருக்கும். உங்களுக்கு அந்தக் குறைந்த மொத்தம் வேண்டாம். அதற்கு மேலே நிலத்தின் சந்தை மதிப்பு, கட்டடத்தின் சந்தை மதிப்பு என்று இரண்டு வரிகள் இருக்கும்; அவைதான் வேண்டும். அப்புறம், வீட்டை விட்டு வந்ததும் ஹோம்ஸ்டெட் விலக்கை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். வாடகை வீட்டுக்கு அந்த விலக்கை வைத்திருந்தால் பின்னாளில் பழைய வரியைச் சேர்த்துக் கேட்பார்கள்.

கவுண்டி பதிவைவிட நல்ல தாள் ஒன்று உங்களிடமே இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி ஓர் அப்ரைசரை அனுப்பியிருக்கும். அந்த அறிக்கையின் நகலைக் கடன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பழைய மின்னஞ்சலில் பி.டி.எஃப்.பாகக் கிடக்கும். அதில் செலவு முறை மதிப்பீடு என்ற பகுதியைப் பாருங்கள். மனையின் மதிப்பு இவ்வளவு, கட்டடம் கட்ட ஆகும் செலவில் தேய்மானம் போக இவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். உரிமம் பெற்ற ஒருவர், நீங்கள் வாங்கிய அதே மாதத்தில், உங்கள் வீட்டுக்கென்றே எழுதியது. சில அறிக்கைகளில் அந்தப் பகுதியை நிரப்பியிருக்க மாட்டார்கள், அப்போது கவுண்டிக்குத் திரும்பலாம். இரண்டும் இருந்து ஏறக்குறைய ஒத்துப்போனால் அதைவிட நிம்மதி வேறு இல்லை.

காப்பீட்டுப் பாலிசியில் இருக்கும் மறுகட்டுமானத் தொகையைக் கட்டட மதிப்பாகச் சிலர் எடுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எரிந்துபோனால் இடிபாடுகளை அகற்றிப் புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்பது அந்தத் தொகை. முப்பது வருடப் பழைய வீட்டின் சந்தை மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு விஷயம் வரி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிலத்துக்கு அதிகமாகப் போடுகிறது, அதை நம்ப முடியாது என்று சொல்லி, கட்டுமானச் செலவை வைத்துத் தாங்களே போட்ட கணக்கைக் காட்டினார்கள் வீட்டுக்காரர்கள். 2017இல் தீர்ப்பு வந்தது; கவுண்டியின் விகிதத்தையே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிறு வழக்குப் பிரிவில் வந்த தீர்ப்பு என்பதால் இதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஆனாலும், சொந்தக் கணக்குக்கும் அரசுப் பதிவுக்கும் மோதல் வந்தால் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று இதிலிருந்து தெரிகிறது. ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் பழைய வீடு வாங்கியவர்களுக்குக் கவுண்டி பதிவில் நிலமே பாதிக்கு மேல் இருப்பதைப் பார்த்தால் மனது கேட்காது. அங்கே மனைக்குத்தான் அந்த விலை என்பது நமக்கும் தெரிந்ததுதானே. அந்தப் பதிவு தவறு என்று உண்மையிலேயே தோன்றினால், சொந்தமாகக் கணக்குப் போடாமல் ஓர் அப்ரைசரிடம் வாங்கிய நாளின் தேதியிட்டு நிலம், கட்டடம் தனித்தனியாக அறிக்கை கேளுங்கள். சில நூறு டாலர் ஆகும். பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் அது வீண் செலவு இல்லை.

சரி, இப்போது கணக்கு. நீங்கள் அனுப்பிய தாள்களில் 2021 மதிப்பு நிலம் 84,000, கட்டடம் 3,16,000 என்று இருக்கிறது. மொத்தம் 4,00,000. நிலம் 21%, கட்டடம் 79%. பிரிக்க வேண்டிய தொகை 4,20,000 மட்டும் இல்லை. க்ளோசிங் தாளில் உரிமையாளர் டைட்டில் இன்ஷூரன்ஸ், சர்வே, பதிவுக் கட்டணம், வக்கீல் கட்டணம் எல்லாம் வீட்டின் அடக்க விலையில், அதாவது வரிக் கணக்குக்கு வீட்டுக்கு ஆன மொத்தச் செலவில், சேரும். உங்கள் தாளில் அவை 4,000 டாலர் வருகின்றன. கடன் வாங்குவதற்காகக் கட்டிய பாயின்ட்ஸ், வங்கி அப்ரைசல் கட்டணம், எஸ்க்ரோவில் போட்ட சொத்து வரி, தீக் காப்பீடு ஆகியவை இதில் சேராது. ஆக 4,24,000. இதில் 79% என்றால் கட்டடம் 3,34,960, நிலம் 89,040.

பேஷியோவை இந்த விகிதத்தில் பிரிக்கக் கூடாது. அது வீட்டோடு சேர்த்துக் கட்டியது, 16,000 டாலரும் முழுக்கக் கட்டடம்தான். கட்டடத்தின் அடக்க விலை இப்போது 3,50,960.

இங்கே நிறுத்தியிருந்தால் எளிது. ஆனால் நீங்கள் குடியிருந்த வீட்டை வாடகைக்கு மாற்றியவர். அப்படி மாற்றினால் இன்னொரு விதி வரும்: உங்கள் அடக்க விலை ஒரு பக்கம், வாடகைக்கு மாறிய நாளின் சந்தை மதிப்பு மறுபக்கம், இரண்டில் குறைவானதை வைத்துத்தான் தேய்மானம். மொத்த வீட்டு விலையை ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள் பலர். கட்டடத்தைக் கட்டடத்தோடு ஒப்பிட வேண்டும். அதாவது உங்களுக்கு இரண்டு நாட்களின் விகிதம் தேவை. 2020 மே ஒன்று, 2024 ஆகஸ்ட் இன்னொன்று. நான்கு வருடத்தில் மனை விலையும் கட்டட மதிப்பும் ஒரே வேகத்தில் ஏறியிருக்காது.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பிய உங்கள் 2024 நோட்டீஸில் நிலம் 1,50,000, கட்டடம் 4,30,000. கட்டடம் ஏறக்குறைய 74%. பாருங்கள், நான்கு வருடத்தில் நிலத்தின் பங்கு 21இலிருந்து 26க்குப் போய்விட்டது. அந்த ஆகஸ்டில் வீடு 6,00,000 போகும் என்று உங்கள் ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டால் கட்டடத்தின் சந்தை மதிப்பு சுமார் 4,44,800. உங்கள் அடக்க விலை 3,50,960 அதைவிட வெகுவாகக் குறைவு. எனவே 3,50,960தான். 6,00,000 சரியா 5,80,000 சரியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதுவாக இருந்தாலும் முடிவு மாறாது. ஆனால் அந்த ஏஜென்ட் கொடுத்த தாளைப் பத்திரமாக வையுங்கள். டெக்ஸஸில் விற்பனை விலைகள் பொதுப் பதிவில் வராது. பிற்பாடு யாராவது கேட்டால் பழைய விலையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2022இன் உச்ச விலையில் ஆஸ்டினில் வாங்கி, இறங்கிய பிறகு வாடகைக்கு விட்டவர்களுக்கு இந்த விதி நிஜமாகவே கடிக்கும். அவர்கள் இந்த இடத்தில் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

3,50,960ஐ 27.5ஆல் வகுத்தால் வருடத்துக்கு 12,762 டாலர். முதல் வருடம் முழுசாகக் கிடைக்காது. எந்தத் தேதியில் வாடகைக்கு வந்தாலும் அந்த மாதத்தின் நடுவில் வந்ததாக வைத்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் என்றால் நான்கரை மாதம். ஐ.ஆர்.எஸ். அட்டவணைப்படி 1.364%, அதாவது 2024க்கு சுமார் 4,787 டாலர். சாஃப்ட்வேரில் மொத்த விலை 4,40,000 என்றும் நிலம் 89,040 என்றும் போடுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும். வாடகைக்கு வந்த தேதி என்று கேட்கும் இடத்தில் 2020 மே போட்டுவிடாதீர்கள், 2024 ஆகஸ்ட் 1.

2024இல் விட்டுப்போனதற்குத் திருத்திய ரிட்டர்னுக்கான படிவம் 1040-எக்ஸ் கொடுத்து அந்த ஒரு வருடத்தைத் திருத்திவிடுங்கள். 'எடுக்காவிட்டால் போகிறது, விற்கும்போது அந்த அளவுக்கு லாபம் குறையுமே' என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் நினைப்பதுபோல நடக்காது. எடுத்த தேய்மானம், எடுத்திருக்கலாமே என்ற தேய்மானம், இரண்டையும் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது. நீங்கள் எடுக்காவிட்டாலும் விற்கும் நாளில் எடுத்ததாகவே வைத்து அடக்க விலையைக் குறைத்துவிடுவார்கள். அந்தப் பகுதி லாபத்துக்கு 25% வரை வரி. அனுபவிக்காத சலுகைக்கு வரி கட்டும் நிலைமை எத்தனை குடும்பத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

90–10 சொன்ன நண்பருக்காக ஒரு கணக்கு. 79க்குப் பதில் 90 போட்டால் கட்டடத்தில் 46,640 டாலர் கூடும். வருடத்துக்கு 1,696 டாலர் கூடுதல் தேய்மானம். 24% வரி வரம்பில் இருந்தால் சுமார் 407 டாலர் மிச்சம் என்று தோன்றும். அதுவும் இப்போது கைக்கு வராது. உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 1,50,000 டாலரைத் தாண்டுகிறது. சொத்து வரியும் கடன் வட்டியும் போக வாடகையில் நட்டம் வந்தால், அந்த நட்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க விடமாட்டார்கள். வருமானம் குறைவாக இருப்பவர்களுக்கு வாடகை நட்டத்தில் 25,000 டாலர் வரை இப்படிக் கழிக்க ஒரு சலுகை உண்டு; 1,00,000க்கு மேல் வருமானம் ஏற ஏற அது கரைந்து, 1,50,000இல் முற்றிலும் போய்விடும். நட்டம் படிவம் 8582இல் சேர்ந்துகொண்டே போகும். பின்னால் வாடகையில் லாபம் வந்தால் அதில் கழியும், அல்லது வீட்டை விற்கும் வருடத்தில் மொத்தமாக வெளியே வரும். நியூ ஜெர்ஸி மாநில ரிட்டர்னிலும் வாடகை நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆக, இல்லாத ஒரு விகிதத்தைப் போட்டு நீங்கள் இன்று வாங்குவது பூஜ்யம். ஐ.ஆர்.எஸ். கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது. மதிப்பை உண்மையைவிட ஒன்றரை மடங்கு ஏற்றிக் காட்டி அதனால் வரி குறைந்திருந்தால், பெரிய தொகைகளில் 20% அபராதமும் உண்டு. உங்களுக்கு அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் 79%க்குத் தாள் இருக்கிறது, 90%க்கு இல்லை. எனக்கு இதில் தடுமாற்றமே இல்லை.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்திருந்தால், கணவன் மனைவி சேர்ந்து கொடுக்கும் ரிட்டர்னில் 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. நீங்கள் 2024 ஜூலையில் வெளியே வந்தீர்கள், ஆக 2027 ஜூலைக்குள் விற்றால் இது கிடைக்கும். தேய்மானத்தால் வந்த லாபத்துக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது.

இனி பள்ளிக்கரணை. இங்கே முதலில் 30% விஷயம். இந்தியாவில் வீட்டு வாடகையில் நகராட்சி வரி போக மீதியில் 30% கழிக்க விடுகிறார்கள், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும். அதற்குப் பதிலாக அங்கே தேய்மானம் கிடையாது. அதனால்தான் நம் ஊரில் ஒரு ஃபிளாட்டில் நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று வாடகை வரிக்காக யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்க ரிட்டர்னில் அந்த 30% கிடையாது. இங்கே உண்மையான செலவுகள் மட்டும்: பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, பழுது, ஏஜென்டுக்குக் கொடுத்தது, கடன் வட்டி. கூடவே தேய்மானம். இரண்டு நாட்டு முறைகளையும் கலக்காதீர்கள். இந்தியாவில் கட்டிய வரியைப் படிவம் 1116 வழியாக வரவு வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுச் சொத்துக்கு 27.5 வருடம் இல்லை. 2017 முடிந்த பிறகு வாடகைக்கு வந்த குடியிருப்பு என்றால் 30 வருடம். உங்களுடையது 2020, ஆகவே 30. அதற்கு முன் வாடகைக்கு விட்டவர்களுக்கு 40.

விகிதத்தைப் பொறுத்தவரை சென்னை ஃபிளாட்டில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு பொறியும் இருக்கிறது. வசதி என்னவென்றால், நம் ஊரில் அந்தக் காலகட்டத்தில் ஃபிளாட்டை இரண்டு தாளில் வாங்கினோம். பிரிக்கப்படாத பாகம் என்று நாம் சொல்லும் யூ.டி.எஸ். நிலத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். நிலம் இவ்வளவு, கட்டடம் இவ்வளவு என்று பேசி எழுதிக் கையெழுத்துப் போட்டது அங்கேயே இருக்கிறது. 2023 டிசம்பருக்குப் பிறகு புது ஃபிளாட்டுகளுக்குக் கூட்டு மதிப்பு முறை வந்து இரண்டும் ஒரே பத்திரமாகிவிட்டதால், இனி வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பொறி, அந்த யூ.டி.எஸ். தொகையில். முத்திரைத் தீர்வை நிலப் பத்திரத்துக்குத்தான் அதிகம். அதனால் யூ.டி.எஸ்.ஸை அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கணக்காகப் பதிந்துவிட்டு, மீதிப் பணத்தை எல்லாம் கட்டுமான ஒப்பந்தத்தில் காட்டுவது பில்டர்களின் வழக்கம். நீங்கள் பதிந்தது 2018. அதற்கு முந்தைய வருடம், 2017 ஜூனில், தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33% குறைத்திருந்தது. சந்தை விலை அன்றே 33% இறங்கிவிடவில்லை. ஆகவே உங்கள் பத்திரத்தில் இருக்கும் நிலத்தின் தொகை உண்மையைவிடக் குறைவாக இருக்கவே அதிக வாய்ப்பு.

நீங்கள் நினைவிலிருந்து எழுதிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். யூ.டி.எஸ். 480 சதுர அடி, சதுர அடி 2,500 வீதம் 12 லட்சம். கட்டுமான ஒப்பந்தம் 43 லட்சம். மொத்தம் 55 லட்சத்தில் நிலம் 22%. அந்த வருடம் உங்கள் தெருவில் காலி மனை சதுர அடி 5,000க்குப் போனதாக நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் நிலம் 24 லட்சம், 44%. இரண்டுக்கும் நடுவில் 12 லட்சம் ரூபாய். டாலருக்கு 68 ரூபாய் என்று வைத்தால் சுமார் 17,650 டாலர், 30 வருடத்தில் வருடத்துக்கு 588 டாலர் தேய்மான வித்தியாசம். பெரிய தொகை இல்லை. ஆனால் எது சரி என்று கேட்டால், பத்திரத்தில் இருப்பதை அப்படியே எடுப்பதை நான் விரும்பவில்லை. சென்னையில் அரசுப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கடனுக்கும் மூலதன ஆதாய வரிக்கும் மதிப்பீடு எழுதிக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். 2018 தேதிக்கு நிலம், கட்டடம் தனியாகப் பிரித்து ஓர் அறிக்கை கேளுங்கள். இந்த ஒரு தாள் நீங்கள் அந்த ஃபிளாட்டை வைத்திருக்கும் காலம் முழுக்க உதவும்.

யூ.டி.எஸ். பத்திரத்துக்குக் கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் நிலத்தோடு சேரும். கட்டுமானத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி., மின் இணைப்பு, கார் நிறுத்துமிடத்துக்குக் கொடுத்தது எல்லாம் கட்டடத்தோடு. ரூபாயை டாலராக மாற்ற நீங்கள் பணம் கட்டிய நாட்களின் மாற்று விகிதத்தை எடுங்கள். இன்றைய விகிதத்தில் மாற்றினால் அடக்க விலை தவறாகக் குறைந்துவிடும், பிறகு விற்கும்போது லாபம் இல்லாத இடத்தில் லாபம் தெரியும்.

2020லிருந்து எடுக்காத தேய்மானத்துக்கு ஒவ்வொரு வருடமாக 1040-எக்ஸ் கொடுக்கும் வழி இல்லை. இரண்டோ அதற்கு மேலோ ரிட்டர்ன் இப்படிப் போயிருந்தால் அது கணக்கு முறையாகவே ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். முறையை மாற்றுகிறேன் என்று படிவம் 3115 கொடுக்க வேண்டும். விட்டுப்போன அத்தனை வருடத் தேய்மானமும் இந்த ஒரு வருடத்தில் சேர்ந்து வரும். முன்பு சொன்ன நட்ட வரம்பு அதற்கும் பொருந்தும், அதனால் ஒரே மூச்சில் பலன் தெரியாமல் போகலாம். ஆனாலும் கணக்கில் வந்துவிடும், தொலைந்து போகாது. இந்தப் படிவத்தைச் சாஃப்ட்வேரில் நீங்களே நிரப்ப முயல வேண்டாம். இதைச் செய்து பழகிய ஒருவரிடம் கொடுங்கள்.

அம்மாவிடம் போன் பண்ணி பீரோவில் இருக்கும் இரண்டு தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யூ.டி.எஸ். பத்திரத்தில் கடைசியில் வரும் சொத்து விவரப் பக்கம், கட்டுமான ஒப்பந்தத்தில் தொகை எழுதிய பக்கம், கூடவே பில்டர் கொடுத்த ரசீதுகள். மதிப்பீட்டாளருக்கும் அவைதான் முதலில் தேவைப்படும். படிவம் 3115 இந்த வருட ரிட்டர்னோடு, கெடுவுக்குள் போக வேண்டும். அறிக்கை வரத் தாமதமானால் படிவம் 4868 கொடுத்து அக்டோபர் 15 வரை நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வரி பாக்கி ஏதாவது வரும் என்று தோன்றினால் அதை மட்டும் ஏப்ரல் 15க்குள் கட்டிவிடுங்கள். நீட்டிப்பு ரிட்டர்னுக்குத்தான், பணத்துக்கு இல்லை.